டயர் செக்கும் நாலு முள்ளும்

சித்தப்பா அந்தச் சாமானை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய அன்று, ஊரில் பாதிப் பேர் அது எண்ணெய் ஆட்டுகிற செக்கு என்று நினைத்தார்கள். மீதிப் பேர் சித்தப்பாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. சித்தப்பா எதைச் செய்தாலும் அது உலகத்தில் முதல் தடவையாக நடக்கிற காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அது மோட்டார் சைக்கிள் டயரைக் கழற்றி மாட்டுகிற இயந்திரம். கரண்டு வேண்டாம், கை பலம் போதும். மதுரையில் ஏதோ ஒரு பட்டறையில் அதைப் பார்த்துவிட்டு, சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் படம் வரைந்துகொண்டு வந்து, அருப்புக்கோட்டையில் ஒரு லேத்துப் பட்டறைக்காரரிடம் நாலு நாள் நச்சரித்துச் செய்து வாங்கியிருந்தார். மூன்று கால் வைத்த இரும்பு ஸ்டாண்டு. நடுவில் ஒரு தூண். சக்கரத்தைக் கழற்றிப் படுக்கப் போட்டு அந்தத் தூணில் செருக வேண்டும். பக்கத்தில் ஒரு இரும்புக் கை, அதன் அடியில் வளைந்த பாதம். கையைப் பிடித்து அமுக்கினால் பாதம் டயரை அழுத்தும், ரிம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கிற டயர் விளிம்பு விலகும். கடைசியாக ஆள் உயரத்துக்கு ஒரு கம்பி, நுனி வாத்து மூக்கு மாதிரி. அந்த மூக்கை விளிம்புக்கு அடியில் கொடுத்து, கம்பியை நடுத்தூணில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்துவிடும்.

சுற்றி வருவதைப் பார்த்துத்தான் அம்மா அதற்குப் பெயர் வைத்தாள். "எள்ளு எத்தன மரக்கா வாங்கட்டும் தம்பி?" என்று சித்தப்பாவைக் கேட்டாள். அன்றிலிருந்து அது செக்கு ஆகிவிட்டது.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சிக்குப் போகிற வழியில் உள்ளே ஒதுங்கியிருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் மிளகாய் வத்தலும் மல்லியும் வாங்கி விற்கிற கடை வைத்திருந்தார்கள். அப்பா கடையில் உட்கார்ந்திருப்பார். சித்தப்பா சிவப்பு மோட்டார் சைக்கிளில் காடு காடாகப் போய் வத்தலைக் கையில் எடுத்துப் பார்த்து, கிள்ளிப் பார்த்து, தும்மிவிட்டு வருவார். போகிற பாதை எல்லாம் வேலிக்கருவை. மழை பெய்கிறதோ இல்லையோ, எங்கள் பக்கம் முள்ளுக்கு மட்டும் பஞ்சமே வந்ததில்லை. மாதத்துக்கு இரண்டு தடவையாவது சித்தப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். அப்புறம் வாசலில் உட்கார்ந்து இரண்டு பட்டைக் கம்பியை வைத்துக்கொண்டு டயரோடு மல்லுக்கட்டுவார். கம்பி நழுவி முழங்காலில் அடிக்கும். அவர் வாயிலிருந்து வருகிற வார்த்தைகளுக்குப் பயந்து அம்மா என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவாள்.

அதற்கெல்லாம் முடிவு கட்டத்தான் செக்கு. கொல்லையில் சிமெண்டுத் தளம் போட்டு, போல்ட் வைத்து முடுக்கி, பெயிண்டு அடித்து, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. வந்தது பாருங்கள் ஒரு சோதனை! மூன்று வாரம் ஆகியும் சித்தப்பாவின் வண்டி பஞ்சராகவே இல்லை. முள்ளுக்குள் போய்விட்டு முழுசாக வந்து நிற்கும். சித்தப்பா தினமும் சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கியதும் குனிந்து டயரைத் தடவிப் பார்ப்பார். முகம் சுண்டிப்போகும். பழைய டயர் ஒன்றை ரிம்மில் மாட்டுவதும் கழற்றுவதுமாகப் பழகிக்கொண்டிருந்தார். விளிம்பு வழுக்கிக்கொண்டு வருவதற்காகச் சோப்புத் தண்ணி தடவ வேண்டும். அதைக் கரைத்துக்கொண்டு வந்து ஊற்றுகிற வேலை அத்தைக்கு. சுற்றை எண்ணுகிற வேலை எனக்கு.

அத்தை என்றால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தங்கை. வயது இருபத்தைந்து. இதைச் சொல்லும்போது அந்தக் காலத்தில் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அதற்கு முன்னால் இரண்டு தடவை பெண் பார்க்க வந்து போயிருந்தார்கள். முதலில் வந்தவர்கள் மதுரையிலிருந்து காரில் வந்தார்கள். அடுத்து வந்தவர்கள் அத்தையைவிடக் கடையில் அடுக்கியிருந்த மல்லி மூட்டையைத்தான் நன்றாகப் பார்த்தார்கள். இரண்டு கூட்டமும் பஜ்ஜிக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாதாம். ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்றார்கள். லெட்டர் வரவில்லை. மிஞ்சிய பஜ்ஜியை எல்லாம் நான்தான் தின்றேன். அதனால் எனக்குப் பெண் பார்க்க வருவதில் ஒரு கஷ்டமும் தெரியவில்லை.

அப்பாவுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவதாகப் பாலவனத்தத்திலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் சூப்பர்வைசர். அவருடைய அம்மா ஒரு கல்யாண வீட்டில் அத்தையைப் பார்த்துப் பிடித்துப்போய்ச் சொல்லி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் தொடங்குவதற்கு முன்னால், நாலரைக்குள் வந்து பார்த்துவிட்டுப் போவதாகப் பேச்சு. "இதுவும் தட்டிப் போச்சுன்னா நான் ஊருக்குள்ள தலைய நிமுந்து நடக்க முடியாது" என்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது, அடுத்த அறையில் இருந்த அத்தையின் காதிலும் விழுந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பச்சைப் பனை ஓலை கிடந்தது. மறுநாள் வருகிறவர்களுக்காக விசிறி முடைந்துகொண்டிருந்தாள். ஓலை வேலையில் அத்தையின் கையை யாராலும் மிஞ்ச முடியாது.

"முன்ன வந்தவுக எப்படி இருந்தாக அத்த? மீசை வச்சிருந்தாகளா?" என்று கேட்டேன்.

"யாரு கண்டா? தட்டத் தூக்கிக்கிட்டுப் போயி, குனிஞ்சு நின்னு, திரும்பி வந்துட்டேன். அவுக மூஞ்சி ஞாபகமே இல்ல பிள்ள. தட்டுல இருந்த பஜ்ஜிதான் ஞாபகம் இருக்கு" என்றாள் அத்தை.

நான் சிரித்தேன். அத்தை பின்னலை இழுத்துக் கட்டிவிட்டு, கொல்லைப் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"பாவம் ஒங்க சித்தப்பா. செக்கைச் செஞ்சு வச்சுட்டு ஒரு பஞ்சருக்கு ஏங்கிப் போய்க் கெடக்காரு. நம்ம பம்புசெட்டு வளைவுல நாலு முள்ளு கெடந்துச்சுன்னா ஏதாச்சும் ஒரு வண்டி மாட்டாமலா போயிரும்?"

"போடட்டுமா அத்த?"

"நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "காலையில போட்டா மாட்டுவண்டி மிதிச்சு நொறுக்கிரும். மத்தியானம் சாப்பிட்டு எல்லாரும் அசந்திருக்கப்பதான்…" என்று இழுத்துவிட்டு, "சீ, அதெல்லாம் தப்பு" என்று முடித்தாள்.

தப்பு என்று சொன்னது எனக்குக் கேட்டது. மற்றதெல்லாம் இன்னும் நன்றாகக் கேட்டது.

மறுநாள் வீடு அமளிதுமளிப்பட்டது. அம்மா கேசரி கிண்டிவிட்டு, வாழைக்காயைச் சீவிவிட்டுக் கொஞ்சம் கண் அசந்தாள். அப்பா சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே தூங்கினார். நான் நழுவினேன். பம்புசெட்டு வளைவு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே வண்டித் தடத்துக்கு நடுவே சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் போகிற வழுவழுப்பான ஒற்றையடித் தடம் இருக்கும். வேலியில் ஒடித்த நாலு முள்ளை அந்தத் தடத்தில் போட்டேன். கோழி பிடிக்க வருகிற மொபெட்காரர் ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்குத்தான் வருவார். அவர் எங்கள் வீட்டுக் கோழிக்கு விலையைக் குறைத்துச் சொல்லி வாங்கிப் போனவர். ஆகவே பாவம் கிடையாது. பெண் பார்க்க வருகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. மாப்பிள்ளை என்றால் காரில்தான் வருவார், கார் டயருக்கு முள்ளெல்லாம் எந்த மூலைக்கு என்று தீர்மானமாக நினைத்திருந்தேன்.

திரும்பி வந்து ஒன்றும் தெரியாத பிள்ளையாக அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அம்மா எழுந்து சத்தம் போட்டாள். "சீவிச் சிங்காரிக்கிற நேரத்துல எங்கம்மா போன? காலெல்லாம் ஒரே புழுதி!" அத்தை கொல்லை வாசலில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தாள். "மல்லிப்பூ பறிக்கப் போனேன் மைனி" என்றாள். கையில் பூவும் இருந்தது.

மூன்றரை மணிக்கு நான் தெருவில் நின்றேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மொபெட் சத்தம் இல்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வளைவுக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம் தடுமாறியது, கொஞ்ச தூரம் தடக் தடக்கென்று வந்தது, நின்றுபோனது. அப்புறம் இரண்டு பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் வெள்ளைச் சட்டை, வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. இன்னொருவர் பெரியவர், தோளில் துண்டு, கையில் வெற்றிலை பாக்கு பழம் வைத்த பை.

ஆத்தாடி!

வெள்ளைச் சட்டைதான் மாப்பிள்ளை. பெரியவர் அவருடைய தாய்மாமன். பெரியவரின் முகத்தில் ஈயாடவில்லை. அப்பா ஓடிப்போய், "வாங்க, வாங்க" என்று கும்பிட்டார். பெரியவர் வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"இவ்வளவு தூரம் வந்தோம். ஒங்க வீட்டு வாசலுக்கு வந்து முள்ளு ஏறுதுன்னா என்ன அர்த்தம்? வர வேணாம்னு சாமியே சொல்லுது. தப்பா நெனைக்காதீக. நாங்க இப்படியே கெளம்புறோம்."

அப்பா கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். நாலு முள்ளால் அத்தையின் கல்யாணத்தையே கெடுத்துவிட்டேனே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளையாரப்பா, இந்த ஒரு தடவை காப்பாத்து, வருஷா வருஷம் ஒனக்குத் தேங்காய் ஒடைக்கேன் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்போது சித்தப்பா வந்தார். யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேரே போய் வண்டியின் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். காற்று இல்லாமல் இரண்டு பேர் கனத்தோடு உருண்டதில், ஏற்கெனவே மொட்டையாகத் தேய்ந்திருந்த டயர் ஓரத்தில் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது. அதைப் பார்த்ததும் சித்தப்பாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கப்புறம் அவருடைய கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

"டயரே போச்சு!" என்றார். "ஒட்டுப் போட முடியாது. மாத்தித்தான் ஆகணும்!"

"நாங்க பஸ்ஸுல போய்க்கிறோம்" என்றார் பெரியவர்.

"அடுத்த பஸ்ஸு ஆறு மணிக்குங்க" என்றார் சித்தப்பா.

பெரியவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை வாயைத் துடைக்கிற மாதிரி சிரிப்பை மறைத்தார். போக வேண்டுமென்றாலும் டயர் மாற்ற வேண்டும், இருக்க வேண்டுமென்றாலும் டயர் மாற்ற வேண்டும். சகுனத் தடை அவர்களைத் தடுத்து எங்கள் வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டது.

கொல்லையில் வேப்பமரத்து நிழலில் நாற்காலி போட்டார்கள். ஆளுக்கொரு புது விசிறி கொடுத்தார்கள். பெரியவர் செக்குக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அம்மா தண்ணிச் செம்போடு வந்து நின்றாள். "வேணாம்மா. இந்த வீட்டுல கை நனைக்கிற நேரம் இன்னும் வரல" என்றார். செம்பு உள்ளே திரும்பிப் போனது. அப்பா அதற்குப் பின்னாலேயே கண்ணைக் கொண்டுபோனார்.

சித்தப்பாவுக்கு இது எதுவும் காதில் ஏறவில்லை. ஸ்டாண்டு போட்டு, அச்சு நட்டைக் கழற்றி, செயினை விலக்கிச் சக்கரத்தை வெளியே எடுத்தார். மாப்பிள்ளை சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு கூடவே உட்கார்ந்தார். சக்கரத்தைத் தூணில் செருகினார்கள். இரும்புக் கையை இரண்டு பேரும் பிடித்துத் தொங்கினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை தொங்கினார்கள். 'டொப்'பென்று விளிம்பு விலகியது. நான் கொல்லைக் கதவுக்குப் பின்னாலிருந்து என்னை அறியாமல் கை தட்டினேன்.

"சோப்புத் தண்ணி!" என்று சித்தப்பா உள்ளே பார்த்துக் கத்தினார். "சீக்கிரம் கொண்டாங்க!"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வானத்தைப் பார்த்தார். சோப்புத் தண்ணி என்றால் அது அத்தையின் வேலை. அப்போது அத்தை வந்தாள். பச்சைப் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, இடுப்பில் நுரை பொங்குகிற சோப்புத் தண்ணிச் சட்டி. தட்டும் இல்லை, பஜ்ஜியும் இல்லை. நேரே வந்து மாப்பிள்ளை பக்கத்தில் சட்டியை வைத்தாள். "நல்லா ரெண்டு பக்கமும் தடவுங்க. இல்லன்னா வராது" என்றாள். போகவில்லை. வேப்பமரத்தில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

மாப்பிள்ளை சட்டிக்குள் இரண்டு கையையும் விட்டார்.

சித்தப்பா கம்பியின் மூக்கைக் கொடுத்துச் சுற்றினார். பாதிச் சுற்றில் நுரை வழுக்கிக் கம்பி தெறித்தது. நேராகப் போய் மாப்பிள்ளையின் முழங்காலில் அடித்தது. சித்தப்பாவாக இருந்தால் இந்நேரம் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பியிருப்பாள். மாப்பிள்ளை ஒற்றைக் காலில் இரண்டு குதி குதித்தார். அப்புறம் சிரித்தார். "எண்ணெ வராத செக்குல ரத்தம் வந்துரும் போலயே" என்றார். மரத்தடியில் அத்தை களுக்கென்று சிரித்தாள். அப்பா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"ஒழுங்காத் தேஞ்ச டயர மாத்தி வைடான்னா கேட்டியா? ஒன்னைய நம்பிக் கெளம்புனேன் பாரு!" என்று பெரியவர் திரும்பாமலே ஏசினார். மாப்பிள்ளைக்குக் கோபமே வரவில்லை. "ஆமா மாமா, என் தப்புதான்" என்றார்.

பழைய டயர் கழன்று விழுந்தது. சித்தப்பா உள்பக்கம் விரலால் தடவினார். ஒரு நீள முள் உள்ளே வரைக்கும் ஏறி நின்றது. வெளிப்பக்கமாகப் பிடித்து இழுத்தார். முள்ளோடு சேர்ந்து ஒரு பச்சை ஓலைத் துண்டும் வந்தது. ஓலையின் நடுவே முள் சுருக்கென்று செருகியிருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். நான் வெறும் முள்ளைத்தானே போட்டேன், ஓலை எங்கிருந்து வந்தது? காற்றில் பறந்து வந்து குத்திக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். பயத்தில் அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. சித்தப்பா அதை வீசப் போனார். மாப்பிள்ளை, "இங்க குடுங்க" என்று வாங்கினார். ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்காலியில் தான் வைத்துவிட்டு வந்த விசிறியைப் பார்த்தார். முள்ளை மட்டும் உருவி வேலிப் பக்கம் எறிந்துவிட்டு ஓலையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சித்தப்பா கடைக்குள் போய்ப் புது டயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். தன் வண்டிக்கென்று மதுரையில் வாங்கி, ஆணியில் மாட்டி, தினமும் ஒரு தடவை மோந்து பார்த்துக்கொண்டிருந்த டயர். இரண்டு வண்டியும் ஒரே வகை, அளவு சரியாக இருந்தது. கொடுத்துவிடுவாரா என்று நான் வாயைப் பிளந்தேன். கொடுத்தார். செக்கை ஓட்டிப் பார்ப்பதற்காக அவர் அன்றைக்கு வண்டியையே கொடுத்திருப்பார்.

புது டயர் விறைப்பாக இருந்தது. கீழ் விளிம்பு இறங்கியது. ஓட்டைக்கு ஒட்டுப் போட்ட ட்யூபை வைத்தார்கள். மேல் விளிம்பு முக்கால் வட்டம் வரை இறங்கியது. கடைசி ஒரு சாண் நின்றுபோனது. சித்தப்பா முக்கினார், மாப்பிள்ளை முக்கினார், அப்பா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து அவரும் முக்கினார். இந்தப் பக்கம் இறங்கினால் அந்தப் பக்கம் ஏறிக்கொண்டது. நான் என் பாவத்தை மறந்துவிட்டு, "அமுக்குங்க! அமுக்குங்க!" என்று குதித்தேன். இதற்குள் பெரியவரின் நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தது. முதலில் தலை மட்டும் திரும்பியது. அப்புறம் ஒரு தோள். இப்போது முழுசாக எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"மூணு தடிப்பய சேர்ந்து ஒரு டயர ஏத்த முடியல. தள்ளுங்கப்பா!" என்று எழுந்து வந்தார். சட்டையைக் கழற்றி வேப்பங்கிளையில் மாட்டினார். கழற்றிச் சட்டைப் பையில் போட்ட கைக்கடிகாரமும் அதோடு கிளைக்குப் போய்விட்டது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தார். இழுத்தார். கம்பி அசையவில்லை. நரம்பு புடைத்தது.

"எதிர்ப்பக்கத்த யாராச்சும் மிதிச்சுக்கிட்டாத்தான் இறங்கும்."

சொன்னது அத்தை. மரத்தை விட்டு முன்னால் வந்திருந்தாள். "எதிர்ப்பக்கத்து விளிம்பு ரிம்முக்கு நடுவுல இருக்க பள்ளத்துல விழணும். அப்பத்தான் இங்கிட்டு இடம் கெடைக்கும். சின்னண்ணே, பழகையில ஒவ்வொரு தடவையும் நீங்க மறக்குறது இதத்தான்."

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் இத்தனை வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன்.

திறந்தபோது மாப்பிள்ளை இரண்டு முழங்காலையும் எதிர்ப்பக்கத்து டயரில் ஊன்றி ஏறி உட்கார்ந்திருந்தார். "இப்படியா?" என்று அத்தையைக் கேட்டார். "இன்னும் கொஞ்சம் முன்னால" என்றாள் அத்தை. அவர் முன்னால் நகர்ந்தார். "இப்பச் சுத்துங்க மாமா!" என்று கத்தினார். பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். விளிம்பு இறங்கியது. இன்னும் இறங்கியது. 'சளக்'கென்று ஒரு சத்தம். டயர் ரிம்முக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

அடேயப்பா, அந்தச் சத்தம்! சித்தப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அப்பா சிரித்தார். மாப்பிள்ளை பம்பு அடிக்க அடிக்க டயர் உப்பியது, விளிம்பு 'டப் டப்'பென்று ஒட்டியது. பெரியவர் தலைத் துண்டை அவிழ்த்து முகத்தையும் நெஞ்சையும் துடைத்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஏ தாயி" என்று அத்தையைக் கூப்பிட்டார். "தொண்ட வறண்டு போச்சு. ஒரு செம்புத் தண்ணி கொண்டா."

அப்பா உறைந்துபோய் நின்றார். அத்தை தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். பெரியவர் அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தார். குடித்து முடித்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. செம்பைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், நுரையோடு நின்ற மருமகனைப் பார்த்தார். மருமகன் செம்பைப் பார்க்கவே இல்லை, அத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. பஜ்ஜி இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றார் பெரியவர்.

அம்மா அழுதுகொண்டே பஜ்ஜி போட்டாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தாகப் போகிறது என்பதையும், ராகுகாலம் நடுவில் நிற்கிறது என்பதையும் அவள் ஒருத்திதான் பார்த்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. இந்தத் தடவை எனக்கு ஒரு பஜ்ஜிகூட மிஞ்சவில்லை.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை எனக்கு மாமா ஆனார். அத்தையும் மாமாவும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் ஒருத்திதான் முள்ளை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தேன். யாராவது அந்தப் பஞ்சர் கதையைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். வருஷம் தவறாமல் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். இந்தப் பிள்ளைக்கு என்ன பக்தி என்று ஊரே மெச்சியது.

கல்லூரியில் சேர்ந்த வருஷம் லீவுக்குப் பாலவனத்தம் போயிருந்தேன். மாமா அந்தப் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கப் போகிறார் என்று பீரோவில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்தார். அதன் உறையிலிருந்து என்னவோ விழுந்தது. குனிந்து எடுத்தேன். காய்ந்து பழுத்த ஓலைத் துண்டு, நடுவில் ஒரு ஓட்டை.

எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிட்டது. அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "மாமா, அன்னைக்கு வளைவுல முள்ளு போட்டது நான்தான்" என்று சொல்லிவிட்டு அழுதேன்.

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஆனால் தோள் குலுங்கியது.

"ஓலையில குத்தி வச்சாத்தான் முள்ளு படுக்காம நிமுந்து நிக்கும். சின்னப் பிள்ள செய்யிற வேலையா அது?" என்றார் மாமா. "எனக்கு அன்னைக்கே தெரியும். என் கையில இருந்த விசிறியும் அதே ஓலதான?"

நான் அத்தையிடம் திரும்பினேன். "நீயா? எதுக்கு அத்த?"

"முன்ன வந்தவுக மூஞ்சியே ஞாபகமில்லன்னு ஒங்கிட்டச் சொன்னேன்ல? அவுகளுக்குப் பிடிச்சிருக்கா, பிடிச்சிருக்கான்னுதான் எல்லாரும் தவிச்சாக. எனக்கும் ஆளப் பாக்கணும்ல? மோட்டார் சைக்கிள்ல வாராகன்னு ஒங்கப்பா பேசையில கேட்டுருந்தேன். வண்டி நின்னாத்தான ஆளு நிப்பாக. கம்பி கால்ல அடிச்சதும் இவுக யாரையாச்சும் கோவமா ஏசியிருந்தா நான் அந்த மரத்தடியில நின்னுருக்கவே மாட்டேன். உள்ள போய்க் கதவச் சாத்திருப்பேன்."

"அப்புறம் என்னைய எதுக்குப் போடச் சொன்ன?"

"யாராச்சும் கண்டுபிடிச்சா, சின்னப் பிள்ள வெளையாட்டுன்னு விட்டுருவாகல்ல?"

ஒன்பது வருஷம். ஒன்பது தேங்காய். "அப்ப நான் போட்ட அந்த நாலு முள்ளு?" என்று கேட்டேன்.

அத்தை அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். "அந்த நாலையும் பொறுக்கி வேலிக்குள்ள எறிஞ்சிட்டுத்தான் நான் என் முள்ள வச்சேன். நீ போட்ட லட்சணத்துல ஒரு சைக்கிளுகூட நின்னுருக்காது."